பசலையும் சோகையும்: தீவுகள் உணர்த்தும் பாடம்

சங்க அகப்பாடல்களைப் பயில்வோர் 'பசலை' என்னும் சொல்லை அறியாதிருத்தல் இயலாது. தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் படரும் நிற வேறுபாட்டைப் பசலை என்றும் பசப்பு என்றும் நம் முன்னோர் வழங்கினர். திருக்குறளின் 119ஆம் அதிகாரமாகிய 'பசப்புறு பருவரல்' முழுவதும் இந்நிற வேறுபாட்டைப் பற்றியதே. ஆண்டுதோறும் இவ்வதிகாரத்தை வகுப்பில் நடத்தி வருகின்றோம். பசலை எதனால் தோன்றுகின்றது, எவ்விடத்தே முதலில் படர்கின்றது, உரையாசிரியர்கள் அதற்குக் கூறும் விளக்கம் யாது என்றெல்லாம் விரித்துரைப்பதில் எமக்கு ஒரு மகிழ்ச்சியும் உண்டு.

ஆயினும் இச்சொல் எமக்கு ஓர் ஆறாத வருத்தத்தையும் நினைவூட்டுகின்றது. 2016ஆம் ஆண்டில் அம்பத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த எம் தங்கை தலைச்சூலுற்றிருந்தாள். தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதும் பணி அவளுக்கு. விடியலில் எழுந்து, வீட்டாருக்குச் சமைத்து வைத்துவிட்டு, ஒரு குவளைத் தேநீரோடு புறப்பட்டுச் செல்வாள். மாலையில் திரும்பியபின் அனைவர்க்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்பாள். மாதந்தோறும் அவளைப் பார்த்து வந்தோம். அவள் முகம் வெளுத்திருந்ததையும் கண்டோம். வீட்டுப் பெரியவர்களோ, "பிள்ளைத்தாய்ச்சிக்கு முகத்தில் நூர் வந்திருக்கிறது" என்று மகிழ்ந்தார்கள். நாமும் அதனை மறுக்கவில்லை.

எட்டாம் மாதத்தில் அவளுடைய குருதியில் ஹீமோகுளோபின் 6.8 கிராம் என்று சோதனை கூறிற்று. மருத்துவம் தொடங்கிய சில நாள்களிலேயே, குறித்த நாளுக்கு முன்னதாக மகப்பேறு நிகழ்ந்தது. பேற்றுக்குப் பின் குருதிப்போக்கு நிற்கவில்லை. நள்ளிரவில் குருதி தேடி அலைந்தோம். எம்மிடம் பயின்ற மாணவர் இருவர் ஆவடியிலிருந்து இருசக்கர வண்டியில் வந்து குருதியளித்தனர். இறையருளால் தாயும் பிழைத்தாள், சேயும் பிழைத்தது. அவர்கள் வீடு திரும்புமுன் அவளுடைய அலமாரியை ஒழுங்குபடுத்திய எம் உம்மா, புடவைகளுக்கு அடியில் பிரிக்கப்படாத மாத்திரைப் பட்டைகளைக் கண்டெடுத்தார். யாவும் சுகாதார நிலையத்தில் வழங்கப்பெற்ற இரும்புச் சத்து மாத்திரைகள். ஏன் உண்ணவில்லை என்று கேட்டோம். "அதைத் தின்னா வயித்தைப் புரட்டுது காக்கா, அப்புறம் வேலைக்கி எப்படிப் போறது?" என்றாள்.

பசலையை ஒரு மணி நேரம் விளக்கத் தெரிந்த நாம், கண்முன் நின்ற சோகையை உணரவில்லை. அக்குறையை ஓரளவேனும் போக்கிக்கொள்ளும் பொருட்டே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம். நாம் மருத்துவர் அல்லோம். எனினும் மருத்துவ அறிஞர்கள் தெளிவுபடுத்திய செய்திகளைத் தமிழில் எடுத்துரைப்பது தமிழாசிரியர்க்கும் உரிய கடமையே.

சோகை என்பது யாது?

குருதியில் உள்ள சிவப்பணுக்களுக்குச் செந்நிறம் தருவது ஹீமோகுளோபின் என்னும் புரதம். நாம் உள்ளிழுக்கும் உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்வது அதுவே. அதன் நடுவே அமைந்திருப்பது இரும்பு. இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். ஹீமோகுளோபின் குறைந்தால் உடல் வெளுக்கும், படியேறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், எப்பணியிலும் சோர்வு தோன்றும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் சிவப்பின்றி வெளிறியிருக்கும். இதனையே சித்த மருத்துவ நூலார் பாண்டு என்றனர். மக்கள் இரத்த சோகை என்கின்றனர்.

கருவுற்ற மகளிர்க்கு 100 மில்லிலிட்டர் குருதியில் 11 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின் அது சோகை எனவும், 7 கிராமுக்கும் குறையின் கடுஞ்சோகை எனவும் உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. உலக அளவில் கருவுற்ற மகளிருள் நூற்றுக்கு 37 பேர் இக்குறை உடையவர்கள் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

கருவுற்ற காலத்தில் இக்குறை பெருகுவதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தே தாயின் குருதியளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகின்றது. பேறுகால முழுமைக்கும் சற்றேறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு அவளுக்குக் கூடுதலாக வேண்டும். கருவிலுள்ள மகவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் சுமார் 300, தாயின் உடலில் புதிதாகப் பெருகும் சிவப்பணுக்களுக்குச் சுமார் 500, நாள்தோறும் உடலிலிருந்து இயல்பாகக் கழியும் இரும்பை ஈடுசெய்யச் சுமார் 200 என்று இதனைப் பகுத்துக் காட்டுவர். நன்கு உண்டு வளர்ந்த பெண்ணின் உடலிலேயே சேமிப்பாக இருப்பது 300 மில்லிகிராம் அளவுதான். மாதவிலக்கால் திங்கள்தோறும் இரும்பை இழந்து, அதனை ஈடுசெய்யும் உணவும் பெறாத பெண்ணிடம் அச்சேமிப்பும் இராது. வெறுங்கையோடு நெடும்பயணம் புறப்பட்டவள் நிலைதான் அவள் நிலை.

அரசு வழங்கும் சிவப்பு மாத்திரையின் கணக்கையும் ஈண்டு அறிந்துகொள்ளுதல் நலம். ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நான்காம் மாதம் முதல் 180 நாள்கள் நாளுக்கு ஒன்றாக உண்ண வேண்டும். மகப்பேற்றுக்குப் பின்னும் 180 நாள்கள் தொடர வேண்டும். உட்கொள்ளும் இரும்பில் பத்தில் ஒரு பங்கே உடலில் சேரும் எனக் கொண்டால், 60இல் சேர்வது 6 மில்லிகிராம். 180 நாள்களில் அது 1,080 ஆகின்றது. மேற்கூறிய 1,000 மில்லிகிராம் தேவைக்கு இது சரியாக ஈடாவதைக் காணலாம். நாலைந்து பட்டைகள் அலமாரியில் தங்கிவிட்டால் இக்கணக்கு எங்ஙனம் நிறைவுறும்?

மண்ணுண்ணும் வேட்கை

புறநானூற்றின் 20ஆம் பாடலில் சேர மன்னனைப் போற்றும் குறுங்கோழியூர் கிழார், அவன் நாட்டு மண்ணைச் சூலுற்ற மகளிர் வேட்கையால் உண்பதேயன்றிப் பகைவர் கைக்கொள்ள இயலாது என்னும் கருத்தை அமைத்துள்ளார். மன்னனின் வலிமையைப் புகழவந்த இடத்தில், கருவுற்ற பெண்டிர் மண் தின்னும் வழக்கம் சான்றாகி நிற்கின்றது. இதனைக் கற்பிக்கும்போது மாணவியர் நகைப்பதுண்டு. ஆனால் அவர்தம் இல்லங்களிலும் இவ்வழக்கம் மறைந்துவிடவில்லை. சாம்பல், அடுப்புக்கரி, பச்சரிசி, பலப்பம், சுவர்ச் சுண்ணாம்பு ஆகியவற்றை ஒளித்துத் தின்னும் பெண்களை நாம் அறிவோம்.

உணவல்லாத பொருள்களின்மீது எழும் இத்தகைய வேட்கை, இரும்புக் குறைவோடு பெரிதும் தொடர்புடையது என்பது இன்றைய மருத்துவக் கருத்து. வயா என்றும் மசக்கை என்றும் இதனைக் கருதி ஒதுக்கிவிடலாகாது. மண்ணிலுள்ள களிப்பொருள் உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கவும் கூடும். மண்வழியே குடற்புழுக்கள் புகுந்து குருதியை உறிஞ்சவும் கூடும். எனவே மண் தின்னும் பெண்ணைக் கடிந்துகொள்வதினும் அவளுடைய குருதியைச் சோதிப்பதே அறிவுடைமை.

மாசி வந்த வழி

தங்கை மருத்துவமனையில் கிடந்த நாள்களில் எம் உம்மா ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறினார். அவர் காயல்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். வாப்பாவின் வணிகத்தின் பொருட்டுப் பூவிருந்தவல்லியில் குடியேறியவர். "ஊரிலே இருந்திருந்தா மாசியும் மீனுமா தின்னுருப்பா. இங்கே சாயாவும் பன்னுமாவே ஓடிக்கிட்டிருந்தா" என்பதே அச்சொல். மாசி என்பது சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தி மரக்கட்டை போல் ஆக்கிய கருவாடு. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களின் அடுக்களைகளிலும் இலங்கைத் தமிழர் சமையலிலும் அதற்குத் தனியிடம் உண்டு. அது இலட்சத்தீவுகளிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் பெயர்பெற்று வந்த பொருள். உம்மாவின் சொல்லில் உண்மை உண்டோ என்று அறியும் விருப்பமே, அத்தீவுகளின் நிலையை நோக்க எம்மைத் தூண்டிற்று.

இலட்சத்தீவு 36 தீவுகளின் தொகுதி. அவற்றுள் மக்கள் வாழ்பவை பத்தே. நிலப்பரப்பு அனைத்தும் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர்தான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 64,000. அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் இஸ்லாமியர். நெல் விளையாத நிலம். அரிசியும் காய்கறியும் மருந்தும் கப்பலில் வந்தாக வேண்டும். கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கு நடுவே வாழும் இம்மகளிரிடையே சோகை மிகுந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. நாமும் அவ்வாறே எண்ணினோம்.

உண்மை வேறாக இருந்தது. 2019 முதல் 2021 வரை நடத்தப்பெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 அகவை வரையுள்ள இந்தியப் பெண்களுள் சோகையுடையோர் நூற்றுக்கு 57 பேர். தமிழ்நாட்டில் 53 பேர். கேரளத்தில் 36 பேர். இலட்சத்தீவில் 26 பேர். இந்தியாவின் மாநிலங்களுள்ளும் ஒன்றியப் பகுதிகளுள்ளும் மிகக் குறைந்த அளவு இதுவேயாம். கருவுற்றோரை மட்டும் தனியே நோக்கினால், இந்திய அளவில் நூற்றுக்கு 52 பேரும் தமிழ்நாட்டில் 48 பேரும் சோகையுடையோர். வீதிதோறும் மருத்துவமனையும் மருந்துக்கடையும் நிறைந்த மாநிலத்தில், கருவுற்ற இருவருள் ஒருவர் நிலை இது.

மீனும் மனையும்

இவ்வேறுபாட்டை ஆராய்வோர் முதலில் நோக்க வேண்டுவது உணவு. இலட்சத்தீவினரின் முதன்மைத் தொழில் சூரை மீன்பிடிப்பு. மினிக்காய்த் தீவினர் சிறு மீன்களை உயிரோடு இரையாக வீசி, தூண்டிற்கோலால் சூரையைப் பிடிக்கும் முறையில் வல்லவர்கள். பிடித்த மீன் அன்றாட உணவாகின்றது, எஞ்சியது மாசியாகின்றது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு உடலில் எளிதாகச் சேரும். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு அத்துணை எளிதாகச் சேராது. சிறிதளவு மீனைச் சோற்றோடும் கீரையோடும் கலந்து உண்ணின், அவற்றிலுள்ள இரும்பும் கூடுதலாகச் சேரும். ஆகவே உம்மாவின் சொல் மருத்துவ அறிவோடு ஒத்ததே.

இரண்டாவதாக நோக்கத்தக்கது இல்லற அமைப்பு. மானிடவியல் அறிஞர் லீலா துபே கல்பேனித் தீவின் வாழ்க்கையை ஆராய்ந்து 1969இல் ஒரு நூல் வெளியிட்டார். அத்தீவினர் இஸ்லாத்தைப் பின்பற்றிக்கொண்டே தாய்வழி முறையையும் பேணி வந்தமை அந்நூலின் பொருள். மணமான பெண் தன் தாய்வீடாகிய தறவாட்டிலேயே தங்குவாள். கணவன் அங்கு வந்து செல்வான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமகன் பெண்வீடு புகும் வழக்கம் உள்ளமையை நம்மவர் அறிவர். இத்தகைய மனையில் கருவுற்றவளின் தட்டில் சோறிடுபவள் அவளைப் பெற்றவள். மகள் உண்டாளா இல்லையா என்பதைத் தாயின் கண் அறியும். கூச்சமின்றி இன்னும் ஒரு துண்டு மீன் வேண்டும் என்று கேட்கும் உரிமையும் மகளுக்கு உண்டு. எம் தங்கைக்கு அம்பத்தூரில் உணவுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அவள் உண்டாளா என்று பார்க்கத்தான் ஆளில்லை. மாமியார் வீட்டார் கொடியவரும் அல்லர். எல்லாரும் உண்டபின் மருமகள் உண்பது முறையென்று அவர்களும் எண்ணினார்கள், அவளும் எண்ணினாள், நாமும் எண்ணினோம்.

தீவுக்குத் தீவு வேறுபாடு

இதனால் தீவெல்லாம் நலமுடையது என்றோ, மீனுண்டால் சோகை அணுகாது என்றோ முடிவு கட்டலாகாது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் அதே கணக்கெடுப்பின்படி பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சோகையுடையோர். இலட்சத்தீவுக்குத் தெற்கே அதே கடலில் அதே சூரை மீனை உண்டு வாழும் மாலத்தீவு மகளிரிடையேயும் 2016-17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர்க்குச் சோகை காணப்பட்டது.

மாலத்தீவின் நிலைக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அங்கு வாழ்வோருள் நூற்றுக்கு 16 முதல் 18 பேர் வரை பீட்டா தலசீமியா என்னும் மரபுக் குறையின் கூற்றை உடலில் தாங்கியவர்கள். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் இதுவும் ஒன்று. ஹீமோகுளோபின் அமைவதிலேயே ஏற்படும் இக்குறையைத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ மட்டும் பெற்றவர்க்குச் சிறு சோகையே இருக்கும்; அதுவும் இரும்பு மாத்திரையால் முற்றும் நீங்காது. இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தையோ வாழ்நாள் முழுதும் பிறர் குருதியை ஏற்றே வாழ வேண்டும். சிறு தீவுகளில் மக்கள் தமக்குள்ளேயே மணந்துகொள்வதால் இது தலைமுறைதோறும் நிலைத்துவிடுகின்றது. ஆகவேதான் மாலத்தீவில் திருமணத்துக்கு முன் தலசீமியாச் சோதனை சட்டத்தால் வேண்டப்படுகின்றது.

உறவுக்குள் மணமுடிக்கும் வழக்கம் நம் குடும்பங்களிலும் உள்ளது. மாமன் மகளையோ பெரியதந்தை மகளையோ மணப்பவர், மணப்பேச்சுக்கு முன்பே இருவர் குருதியையும் சோதித்துக்கொள்வதில் இழிவு யாதும் இல்லை. மேலும், முறையாக மாத்திரை உண்டும் ஹீமோகுளோபின் உயராத பெண்ணை, "இவள் மாத்திரை உண்பதில்லை" என்று பழிப்பதற்கு முன், இத்தகைய வேறு காரணம் உண்டோ என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

தீவு என்பது சோகைக்குக் காரணம் அன்று. ஆயினும் சோகையுற்றவளுக்கு நெருக்கடி நேரும்போது தீவு பெருந்தடையாகின்றது. உடலில் குருதி நிறைந்தவள் தாங்கிக்கொள்ளும் இழப்பைச் சோகையுற்றவள் தாங்கமாட்டாள். இலட்சத்தீவில் நெருக்கடி நிலையில் உள்ளோரைக் ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுசெல்கின்றனர். யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவுத் தமிழர் குறிகட்டுவான் துறைக்குப் படகில் கடல் கடந்தே பெரிய மருத்துவமனையை அடைய வேண்டும். இலங்கையில் கருவுற்ற மகளிர்க்கு 1973 முதல் திரிபோஷா என்னும் சத்துமா வழங்கப்பட்டு வருவதும், குடும்பநல மாதர் வீடு தேடிச் சென்று அவர்களைக் காண்பதும், இத்தகைய நெருக்கடி நேராமல் முன்கூட்டியே காக்கும் முயற்சிகளேயாம். எமக்கோ அந்நள்ளிரவில் கடக்கவேண்டிய கடல் யாதும் இல்லை. இருந்தும் குருதி வந்து சேரும்வரை கழிந்த இரண்டு மணி நேரம், கரை காணாத பயணமாகவே எமக்குத் தோன்றிற்று.

திருவல்லிக்கேணியின் பங்கு

இந்நோயின் வரலாற்றில் சென்னைக்கும் சிறப்பானதோர் இடமுண்டு. லூசி வில்ஸ் (1888-1964) என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் இந்தியா வந்தார். மும்பையில் நெசவாலைகளை நம்பி வாழ்ந்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுஞ்சோகையால் இறப்பதற்குக் காரணம் காண்பதே அவர் பணி. மும்பையிலும் குன்னூரிலும் ஆராய்ந்த அவர், 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் அமைந்த கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். பர்தா முறையைப் பேணிய மகளிர் ஆண் மருத்துவரை நாடத் தயங்கியமையால், மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் 1885இல் தோன்றியது அம்மருத்துவமனை. இன்று அது அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. வயதான பலர் இன்றும் அதனைக் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே வழங்குவர்.

நோய்க் காரணம் கிருமி அன்று, உணவுக் குறையே என்று லூசி வில்ஸ் ஐயுற்றார். மலிவான ஈஸ்டுச் சாறு கொடுத்தபோது பெண்கள் தேறினர். அதிலிருந்த பொருள் இன்னதென்று அப்போது தெரியாமையால் 'வில்ஸ் காரணி' என்று அழைத்தனர். பிற்காலத்தில் அதுவே ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. 1945இல் அதனைச் செயற்கையாக உருவாக்கிய அமெரிக்க ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். ஆக, நம் மகளிர் பெறும் மாத்திரையின் ஒரு பகுதி திருவல்லிக்கேணியோடு இருவகையில் உறவுடையது. மற்றப் பகுதியாகிய இரும்பும் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவர் பாண்டு நோய்க்கு அன்னபேதிச் செந்தூரம் வழங்கினர். அன்னபேதி என்பது இரும்பின் சல்பேட்டு உப்பே. இன்றைய மாத்திரைகள் பலவற்றில் உள்ளதும் அவ்வுப்பே.

நாம் செய்யத்தக்கவை

அறிவும் மருந்தும் இருந்தும் சோகை ஏன் நீங்கவில்லை? 1970 முதலே நடுவண் அரசு இரும்பு மாத்திரை வழங்கி வருகின்றது. 2018இல் 'சோகையில்லா பாரதம்' என்னும் இயக்கமும் தொடங்கப்பெற்றது. தமிழக அரசின் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் வழங்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச் சத்து மருந்தும் பேரீச்சம்பழமும் உள்ளன. குறை, பெரும்பாலும் பெட்டகம் வீடு வந்தபின் நிகழ்வது. பேரீச்சம்பழம் பிள்ளைகளுக்கும் விருந்தினர்க்கும் போகின்றது. மாத்திரை அலமாரிக்குப் போகின்றது.

மாத்திரையை வெறுப்பதற்குப் பெண்கள் கூறும் காரணங்களைப் பொறுமையோடு கேட்க வேண்டும். குமட்டல் உண்மையானதே. இரவு உணவுக்குச் சற்றுப் பின் உண்டு உறங்கினால் அது பெரிதும் குறையும். மலம் கருத்துப் போதல் இரும்பினால் நேர்வது, தீங்கற்றது. மாத்திரை உண்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பது வெறும் கதை. தேநீரும் காப்பியும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். ஆதலின் உணவுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது அவற்றைத் தவிர்க்க வேண்டும். கால்சியம் மாத்திரையை இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கலாகாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை இரும்பு சேர்வதற்குத் துணைசெய்யும். எவ்வாறாயினும் மாத்திரையை ஏற்க இயலாதவர்க்கும், கடுஞ்சோகை உடையவர்க்கும் நரம்பின் வழியே இரும்பைச் செலுத்தும் மருத்துவம் அரசு மருத்துவமனைகளில் உண்டு.

உணவிலும் நம்மிடம் இல்லாதது ஒன்றுமில்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவை எளியோர்க்கும் எட்டுவன. ஆட்டின் மண்ணீரலைச் சுவரொட்டி என்று கூறி, இரத்தம் ஊறுவதற்காகப் பிள்ளைத்தாய்ச்சிக்கு வதக்கிக் கொடுத்த பாட்டிமார் அறிவு வீணன்று. அது இரும்பு மிக்க உறுப்பே. நெத்திலியும் மாசியும் சிறிதளவேனும் அவள் தட்டில் விழட்டும். ஆயினும் உணவு மாத்திரைக்கு மாற்றாகாது என்பதையும் மறத்தல் கூடாது.

ரமலான் மாதத்தில் கருவுற்ற பெண்கள் படும் இடர்ப்பாடும் எண்ணத்தக்கது. தமக்கோ கருவிலுள்ள மகவுக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சும் தாய், நோன்பைப் பிற்படுத்திக்கொள்ள மார்க்கம் இடமளித்துள்ளது. சட்ட அறிஞர்கள் இதில் ஒத்த கருத்தினர். மார்க்கம் தந்த சலுகையை அண்டை அயலார் பேச்சுக்கு அஞ்சி ஒருத்தி விட்டுவிடும் நிலையை நாம் உண்டாக்கலாகாது. மருத்துவர் அறிவுரையோடு அவள் முடிவு செய்யட்டும். வீட்டார் அதனை மதிக்கட்டும்.

யாவற்றினும் மேலாக, சோகையைக் கருவுற்ற பின் தேடுவது காலம் தாழ்ந்த செயல். பள்ளி மாணவியர்க்கு வாரம் ஒருமுறை நீல நிற மாத்திரை வழங்கப்படுவது இதனைக் கருதியே. கல்லூரியில் பயிலும் எம் மாணவியர் காலை உணவின்றித் தொடர்வண்டியைப் பிடித்து ஓடி வருவதை நாளும் காண்கின்றோம். இன்னும் சில ஆண்டுகளில் தாய்மை எய்தவிருப்போர் அவர்களே. கல்லூரிகள் ஆண்டுக்கு ஒருமுறை அவர்களுக்குக் குருதிச் சோதனை நடத்தலாம். ஜமாஅத்துப் பெரியோர் திருமணப் பதிவின்போது மணமக்கள் இருவர்க்கும் இச்சோதனையைப் பரிந்துரைக்கலாம். குருதிக் கொடையாளர் பட்டியல் ஒன்று ஒவ்வொரு பள்ளிவாசலிலும் இருப்பின், நள்ளிரவில் அலையும் குடும்பங்களுக்கு அது பேருதவியாகும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, பொருட்செலவு சிறிதுமின்றி இன்றிரவே செய்யத்தக்கது ஒன்றுண்டு. உணவு பரிமாறும்போது கருவுற்றவளை முதலில் அமரச் செய்து, அவள் தட்டில் முதலில் இடுவதே அது. அவள் மாத்திரை உண்டாளா என்று கணவன் நாள்தோறும் கேட்கட்டும்.

எம் தங்கை பின்னர் மீண்டும் கருவுற்றாள். அம்முறை உம்மா அம்பத்தூருக்கே சென்று அவளோடு தங்கினார். காயல்பட்டினத்திலிருந்து மாசி வரவழைக்கப்பட்டது. இரவு உணவு முடிந்ததும் மைத்துனர் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைப்பார். அவள் விழுங்கும்வரை அங்கேயே நிற்பார். ஒன்பதாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 11.2 என்று தொலைபேசியில் தெரிவித்தாள். அவ்வாண்டும் வகுப்பில் 'பசப்புறு பருவரல்' நடத்தினோம். பாடம் முடிந்தபின், கீழ் இமையை இழுத்து நிறம் பார்க்கும் முறையையும் மாணவ மாணவியர்க்குக் கூறினோம். இன்றுவரை ஆண்டுதோறும் அவ்வாறே கூறி வருகின்றோம்.

நம் தாயரும் தமக்கையரும் குருதி நலத்தோடு நன்மக்களைப் பெற்று வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!